பெரியபாளையத்துக்கு வண்டி பூட்டும் காலம்

ஆடி பிறந்துவிட்டால் திருவள்ளூர் மாவட்டத்துச் சாலைகளில் மஞ்சள் ஆடையும் வேப்பிலையும் நடமாடத் தொடங்கிவிடும். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர் என எல்லாத் திசைகளிலிருந்தும் சனிக்கிழமை பிற்பகலில் குடும்பங்கள் புறப்படுகின்றன. அவை யாவும் சென்று சேருமிடம் ஒன்றே. ஆரணியாற்றின் கரையில் பெரியபாளையத்தில் கோயில் கொண்டிருக்கும் அருள்மிகு பவானி அம்மனின் சந்நிதி அது.

கம்சனின் கைக்குத் தப்பி விண்ணில் எழுந்த யசோதையின் பெண் மகவே இங்கே பவானியாக அமர்ந்தாள் என்பது தலவரலாறு. சங்கும் சக்கரமும் ஏந்திய அன்னை மார்பளவுத் திருமேனியளாய்க் காட்சி தருகிறாள். அவளை உலகுக்கு வெளிப்படுத்தியவர் ஒரு வழிப்போக்கர் என்பது இத்தலத்தின் தனிச்சிறப்பு. ஆந்திர நாட்டு வளையல் வியாபாரி ஒருவர், ஊர் திரும்பும் வழியில் களைப்பு மிகுந்து, இங்கிருந்த வேப்பமரத்தின் அடியில் உறங்கினார். விழித்துப் பார்த்தபோது வளையல்கள் புற்றுக்குள் போயிருந்தன. அந்தப் புற்றிலிருந்தே அம்மன் வெளிப்பட்டாள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். சுமையை இறக்கி வைத்து, மரத்தடியில் ஓர் இரவு தங்கி, காலையில் அன்னையைக் காண்பதே இன்றும் இத்தலத்து வழிபாட்டின் முறையாக இருக்கிறது.

ஆம், பெரியபாளையம் போய்த் தொழுதவுடன் திரும்பும் கோயிலன்று. சனிக்கிழமை மாலை வந்து ஆற்றங்கரையிலோ தோப்பிலோ இடம்பிடித்து, இரவு தங்கி, ஞாயிறு விடியலில் நீராடி, வேப்பிலை ஆடை உடுத்திக் கோயிலை வலம்வந்து, பொங்கலிட்டு, குழந்தைகளுக்கு முடியிறக்கி, பிறகே ஊர் திரும்புவது வழக்கம். இதற்கு அடுப்பு வேண்டும், விறகு வேண்டும், பானை, பாய், அரிசி, குடிநீர் எல்லாம் வேண்டும். ஆகவே வீட்டின் ஒரு பகுதியையே பெயர்த்து உடன் கொண்டுசெல்ல நேர்கிறது. முன்பு இதற்கு வாய்த்தது கூண்டு கட்டிய மாட்டுவண்டி. அடியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம் விரித்தால் பாட்டிக்குப் படுக்கை. மாட்டை அவிழ்த்து வண்டியைச் சாய்த்து நிறுத்தினால் அதன் நிழலே குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டும் கூடம். மேல்நாடுகளில் மோட்டார் வண்டிக்குப் பின்னே வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறார்கள் என்று இன்று வியந்து பேசுகிறோம். வடதமிழகத்துக் குடியானவர்கள் அதைத் தங்கள் அளவில் அம்மனுக்காகச் செய்துவந்தவர்களே.

இப்பத்திரிகையை வாசிக்கும் முதியோரில் பலர் அந்த வண்டியின் மேல் அமர்ந்து சென்றவர்களாக இருப்பார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் வீட்டுப் பெரியவர் வண்டியைச் சுற்றிவந்தது அவர்களுக்கு நினைவிருக்கும். சக்கரத்தைக் கழற்றி, அச்சில் பழைய மையை வழித்தெறிந்து, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த புது மையைத் தடவுவார். குடத்தில் விரிசல் உண்டா, ஆரக்கால் ஆடுகிறதா, இரும்புப் பட்டா தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். கடைசியாகக் கடையாணியைத் தொட்டுப் பார்ப்பார். விரல் நீளமுள்ள அந்த இரும்பு கழன்றால் சக்கரம் தனியே ஓடிவிடும், வண்டி குடைசாயும்.

சுமை ஏற்றுவதில்தான் அவருடைய தேர்ச்சி வெளிப்படும். முன்பாரம், பின்பாரம் என்னும் இரண்டு சொற்களை அறியாத வண்டிக்காரர் அக்காலத்தில் இல்லை. பாரம் முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டும் மாட்டுக்குத் துன்பம். ஆகவே அரிசி மூட்டையை அச்சுக்கு நேர்மேலே வைத்து, நுகத்தடியைக் கையால் தூக்கி அதன் கனத்தைப் பார்த்து, சற்றே முன்பாரம் இருக்குமாறு மற்றப் பொருள்களை நகர்த்துவார்கள்.

இன்று மாட்டுவண்டிகள் அருகிவிட்டன. வேண்டுதலாகவே வண்டி கட்டி வருகின்ற குடும்பங்கள் சில இன்னும் உண்டு. மற்றவர்கள் டிராக்டருக்குப் பின்னே டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு வருகிறார்கள். இழுப்பது மாடன்று, இயந்திரம் என்பதைத் தவிர வண்டியின் இலக்கணம் சிறிதும் மாறவில்லை. இரண்டு சக்கர டிரெய்லரில் பின்பாரம் மிகுந்தால் இணைப்பு மேல்நோக்கி இழுக்கப்பட்டு, டிராக்டரின் பின்சக்கரங்கள் தரையில் பிடிமானம் இழக்கும். டிரெய்லர் வாலை ஆட்டுவதுபோல் இருபுறமும் அலையும். முன்பாரம் அளவு கடந்தாலோ டிராக்டரின் முன்சக்கரங்கள் இலேசாகி, திருப்பினாலும் திரும்பாது. தாத்தா நுகத்தடியைத் தூக்கிப் பார்த்தது வெறும் பழக்கமன்று. ஆனால் டிராக்டர் ஓட்டும் பேரனிடம் அதைச் சொல்லித் தந்த வீடுகள் குறைவு.

மாறிப்போனது சாலை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து புறப்படுவோர் கொல்கத்தா நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, புதுவாயல் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்பி, ஆரணி வழியாகப் பெரியபாளையம் சேர வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளிலிருந்து இரும்புக் கம்பிக் கட்டுகளை ஏற்றிய நெடிய டிரெய்லர் லாரிகள் இரவும் பகலும் செல்லும் சாலை அது. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் கன்டெய்னர்களும் இம்மாவட்டத்துச் சாலைகளிலேதான் ஓடுகின்றன. டிராக்டர் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, பின்னால் ஒரு லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால், இடையிலுள்ள 100 மீட்டர் தொலைவு ஒன்பதே நொடிகளில் மறைந்துவிடும். திருவள்ளூரிலிருந்து வெங்கல் வழியாக வருவோருக்கு இந்த நெருக்கடி குறைவு. ஆயினும் வளைவும் இருளும் அங்கும் உண்டு.

இங்கே ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லியாக வேண்டும். டிரெய்லரில் மனிதர்கள் ஏறக்கூடாது.

2022 அக்டோபர் 1 அன்று உத்தரப்பிரதேசத்தில் கான்பூரை அடுத்த காட்டம்பூர் பகுதியில், சந்திரிகா தேவி கோயிலில் குழந்தைக்கு முடியிறக்கிவிட்டுத் திரும்பிய குடும்பத்தினரின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரி 24 அன்று அதே மாநிலத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில், மாசிப் பௌர்ணமிக்குக் கங்கையில் நீராடச் சென்றவர்களின் டிரெய்லர் மீண்டும் ஒரு குளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இரண்டு பயணங்களும் நேர்த்திக்கடனுக்காகவும் புண்ணிய நீராடலுக்காகவும் மேற்கொள்ளப்பட்டவை. பெரியபாளையத்துக்கு நாம் செல்வதும் இப்படியேதான். டிரெய்லரில் இருக்கைகள் இல்லை, பற்றிக்கொள்ளக் கம்பியில்லை, கவிழ்ந்தால் அதன் எடை முழுவதும் உள்ளே இருந்தவர்கள் மீதே இறங்கும். மோட்டார் வாகனச் சட்டமும் அதைச் சரக்கு ஏற்றும் வாகனமாகவே கருதுகிறது. சரக்கு வாகனத்தில் பயணிகளாக ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு வழங்கும் பொறுப்புடையதன்று என்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. வேண்டுதல் வைத்த குடும்பமே எல்லாவற்றையும் இழந்து நிற்க நேரும்.

“காலங்காலமாக வண்டியில்தானே போகிறோம்” என்பார்கள். மாட்டுவண்டி சென்ற வேகம் நடைவேகம். குடைசாய்ந்தாலும் சிராய்ப்போடு எழுந்தவர்கள் பலர். அந்தப் பழக்கத்தை அப்படியே இயந்திரத்தின் பின்னே பூட்டியதே பிழை. சாமான்கள் டிரெய்லரில் வரட்டும், மனிதர்கள் பேருந்திலோ வேனிலோ வரட்டும். செங்குன்றம், திருவள்ளூர், பொன்னேரி, ஊத்துக்கோட்டை ஆகிய ஊர்களிலிருந்து பெரியபாளையத்துக்குப் பேருந்து வசதி உண்டு. வண்டியோடு செல்வதாகவே நேர்ந்துகொண்டவர்கள், கோயிலுக்கு அருகே சாலை அமைதியான இடத்தில் இறங்கி, டிரெய்லருக்கு முன்னே நடந்து சென்று அந்த வேண்டுதலை நிறைவேற்றலாம். நடந்து செல்வதை அம்மன் குறையாகக் கொள்ளமாட்டாள். இதை வீட்டில் உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் முதியவர்களே. “நான் ஏறமாட்டேன், குழந்தைகளையும் ஏற்றாதே” என்று பாட்டி சொன்னால் மறுக்கும் மகன் அரிது.

இனிச் சாமான் வண்டியைப் பூட்டுவது பற்றி. அரிசி, குடிநீர், விறகு போன்ற கனமானவை அடியிலும், அச்சை ஒட்டிச் சற்று முன்னாலும் அமைய வேண்டும். பாய், துணி, பாத்திரங்கள் மேலே. கயிற்றால் இறுக்கிக் கட்டியபின் உலுக்கிப் பார்த்தால் எதுவும் அசையக்கூடாது. நீர் நிரப்பிய தொட்டியை அரைகுறையாக விடுவது தவறு. பாதி நிறைந்த நீர் ஒவ்வொரு வளைவிலும் ஒருபுறம் சரிந்து வண்டியையும் சாய்க்கும். நிரப்பி மூடுவதோ, காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்புவதோ நலம்.

டிராக்டரையும் டிரெய்லரையும் இணைப்பது ஒரு தடித்த ஆணி. பழைய கடையாணியின் இடத்தில் இன்று இதுவே இருக்கிறது. தேய்ந்து மெலிந்த ஆணியையோ, அவசரத்துக்குச் செருகிய கம்பித் துண்டையோ நம்பலாகாது. ஆணியின் அடியில் நழுவாமல் காக்கும் சிறு பூட்டுக்கம்பி கட்டாயம் மாட்டப்பட்டிருக்க வேண்டும். மேடு பள்ளங்களில் குலுங்கி ஆணி மேலெழும்பி வெளியே வந்த நிகழ்ச்சிகள் உண்டு. அவ்வாறு நேர்ந்தாலும் டிரெய்லர் பிரிந்து ஓடாதிருக்க, இரண்டு வண்டிகளையும் உறுதியான சங்கிலி ஒன்றினால் பிணைத்து வைக்க வேண்டும். திரும்பும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும், தரையில் உரசாத அளவுக்கு உயரமும் அந்தச் சங்கிலிக்குத் தேவை. சிப்காட்டில் டிரெய்லர் லாரி ஓட்டுவோரிடம் கற்கத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. பின்வண்டியைப் பூட்டியவுடன் அவர்கள் பயணம் தொடங்கிவிடுவதில்லை. மெல்ல முன்னே இழுத்து, பூட்டு பிடித்திருக்கிறதா என்று பார்த்து, இறங்கி வந்து கண்ணாலும் கண்ட பிறகே கிளம்புவார்கள்.

டிராக்டரில் இடப்புறச் சக்கரத்துக்கும் வலப்புறச் சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வயலில் குறுகத் திரும்புவதற்காக அமைந்தவை அவை. சாலையில் ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் தாழை மாட்டியாக வேண்டும். மாட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் ஒருபுறம் வெட்டி இழுக்க, பின்னாலிருக்கும் பாரம் அதைத் தள்ள, இரண்டும் கத்திரிக்கோல்போல் மடங்கிக்கொள்ளும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாதபோது இந்த ஆபத்து இரட்டிப்பாகும். பாலத்தின் இறக்கத்தில் கியரை விடுவித்து உருளவிடுவது எரிபொருளை மிச்சப்படுத்தும் வழியன்று, உயிரைப் பணயம் வைப்பது.

புறப்படும்போது ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம். பழத்தை வைக்கக் குனியும்போதே அந்தச் சக்கரத்தையும் பார்த்துவிடலாம். டிரெய்லர் ஆண்டில் பல மாதங்கள் வெயிலில் சும்மா நிற்கும் பொருள். டயரின் மேற்பட்டை புதிதாகத் தோன்றினாலும் பக்கவாட்டில் பிளவுகள் ஓடியிருக்கும். அத்தகைய டயர் நெடுஞ்சாலைச் சூட்டில் வெடிக்கும். காற்று எல்லா டயர்களிலும் ஒரே அளவாக இருக்கட்டும். சக்கரத்து நட்டுகளை இறுக்கிய பின்னும், சில கிலோமீட்டர் சென்றதும் நிறுத்தி மறுபடி இறுக்குவது அவசியம். அவ்வாறு நிறுத்தும்போது சக்கரத்தின் நடுக்குடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பாயிருந்தால் குற்றமில்லை. கை வைக்க முடியாதபடி சுட்டால் உள்ளே பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது என்று பொருள். அன்று விளக்கெண்ணெய் மை, இன்று கிரீஸ். தாத்தாவின் கைக்கு இந்தச் சோதனை புதிதன்று.

வேப்பிலைத் தோரணம் அழகுதான். ஆனால் பின்னால் கட்டிய கொத்து சிவப்பு விளக்கையும் எண் பலகையையும் மறைத்துவிடுகிறது. பின்புறம் சிவப்பும் பக்கவாட்டில் மஞ்சளுமாக ஒளி பிரதிபலிக்கும் பட்டைகளை ஒட்டுவது மிகக் குறைந்த செலவு. அன்று வண்டியின் அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டு வந்தது இதற்காகவே. அம்மன் பாடலை உரக்க ஒலிக்கவிட்டுச் செல்லும் குழல் ஒலிபெருக்கியும் டிராக்டரில் தகாது. பின்னால் லாரி அடிக்கும் ஹாரன் ஓட்டுநரின் செவிக்கு எட்டாமற்போகும். பாடல் ஆற்றங்கரையில் ஒலிக்கட்டும். குடை, தட்டி, மின்விளக்குச் சட்டம் என்று உயரமாகக் கட்டுவதிலும் எச்சரிக்கை வேண்டும். தஞ்சாவூருக்கு அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை.

வளைவில் டிரெய்லரின் உள்சக்கரம் டிராக்டர் சென்ற தடத்தில் செல்லாது, அதைவிட உள்ளே வெட்டிச் செல்லும். புதுவாயல் போன்ற கூட்டுச்சாலைகளில் ஓரத்தில் நிற்கும் மிதிவண்டிக்காரரையோ குழந்தையையோ அது உரசிவிடக்கூடும். ஆகையால் அகன்று சென்று திரும்ப வேண்டும். பின்னோக்கி நகர்த்துகையில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் டிரெய்லர் போகும். கூட்டம் நிறைந்த ஆற்றங்கரையில் இதைப் பழகுவது கூடாது. முன்பே வெற்று நிலத்தில் பழகியிருக்க வேண்டும். பின்னே ஒருவர் நின்று வழிகாட்டாமல் ஓர் அடியும் பின்செல்லலாகாது.

நிறுத்துவதற்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளின் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பாடம் தேவையில்லை. சித்திரையிலும் தையிலும் நிகழும் பிரம்மோற்சவங்களில் பெருமாளின் திருத்தேர் வீதிகளில் உலாவரும்போது, ஆயிரம் கைகள் வடம் பிடித்தாலும் தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடும் சிலருடைய கைத்திறனே. பெரியபாளையத்தில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போதும் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே ஆணியை உருவ வேண்டும். செங்கல் நொறுங்கும், கூழாங்கல் வழுக்கும். ஆப்புபோல் செதுக்கிய மரக்கட்டை நான்கை வண்டியிலேயே வைத்திருப்பது நன்று. ஆற்று மணலில் இறக்கினால் சக்கரம் புதைந்து மறுநாள் ஏறாது. கெட்டியான தரையே தக்கது. டிரெய்லரின் அடியில் எவரும் படுத்துறங்குதல் வேண்டா. மாட்டுவண்டியின் நிழலில் உறங்கிய நினைவு இங்கே துணைசெய்யாது.

இன்னும் மாடு பூட்டி வருவோர் லாடத்தைப் பார்த்து, வெயில் தணிந்தபின் புறப்பட்டு, வழியில் ஏரிக்கரையில் நீர் காட்டி, இருட்டுமுன் சேர்வது போதும். நெடுஞ்சாலையைத் தவிர்த்து உள்ளூர் வழிகளில் வருவதே அவர்களுக்கு உகந்தது.

ஞாயிறு மாலையில் திரும்பும் பயணம்தான் பெரும்பாலும் கவனம் பெறாதது. இரவெல்லாம் கண்விழித்து, பகலெல்லாம் வெயிலில் நின்ற ஓட்டுநர் உடனே ஸ்டீயரிங்கைப் பிடிக்கக்கூடாது. அவர் மூன்று நான்கு மணிநேரமாவது உறங்கட்டும், அல்லது திங்கள் காலை கிளம்பட்டும். மது அருந்தியவர் கையில் வண்டியைத் தருவதில்லை என்பதை வீட்டுப் பெரியவர்கள் புறப்படுமுன்பே சொல்லிவைக்க வேண்டும்.

ஊர் சேர்ந்தபின் டிரெய்லரை அப்படியே ஓரத்தில் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆற்று மணலும் சிந்திய உப்பும் மஞ்சள் நீரும் அடித்தகட்டில் தங்கித் துருவேற்றும். நன்றாகக் கழுவி, பலகைகளை உலரவிட்டு, துருப் பிடித்த இடத்தைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். நீண்டநாள் நிறுத்துவதானால் அச்சின் அடியில் கட்டை கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி, டயர்களை ஓலையாலோ சாக்காலோ மூடிவைப்பது அவற்றின் ஆயுளை நீட்டும். பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் இடுவதற்கு ஆயுத பூஜையைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை. சந்தனமும் குங்குமமும் இடுமுன் அந்த இணைப்பு ஆணியையும் சங்கிலியையும் கழுவித் துடைத்து, பூசைத் தட்டில் அரிவாள், மண்வெட்டிகளோடு சேர்த்து வைக்கலாம்.